வரையறை தெரிகிறது, கணக்கு உதைக்கிறது: நிதிச் சொற்களை மொபைல் செயலியில் படித்த ஒரு வகுப்பின் நிகழ்வு ஆய்வு

நிதி அறிமுகப் பாடத்தில் முதலாண்டு மாணவர்கள் திணறுவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் அல்ல, சொற்களில்தான். சொத்து, பொறுப்பு, பற்று, வரவு, தேய்மானம், ஒதுக்கு, காப்பு, முகமதிப்பு, ஈவுத்தொகை, நடப்பு விகிதம் என்று முதல் சில வாரங்களிலேயே சொற்கள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. ஒன்று பிடிபடாவிட்டால் அதைச் சார்ந்த அடுத்த நான்கும் பிடிபடாது. தேய்மானம் புரியாத மாணவருக்கு ரொக்க ஓட்ட அறிக்கை புரியப்போவதில்லை.

நான் நடத்தும் முதலாண்டு வகுப்பு ஒன்றில், ஒரு பருவம் முழுக்க இந்தச் சொற்களுக்கு மொபைல் செயலியைப் பயன்படுத்திப் பார்த்தோம். அதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு கிடையாது. ஆகவே செயலியால் இத்தனை மதிப்பெண் கூடியது என்று சொல்ல எனக்கு இடமில்லை. மாணவர்களின் விடைத்தாளிலும் பேச்சிலும் நான் கண்டதை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

தொடக்க நிலை

செயலியை வகுப்புக்குள் கொண்டுவந்தவர்கள் மாணவர்களே. பாடம் தொடங்கியபோதே பலருடைய போனில் ஏதோ ஒரு வினாடி வினா செயலி இருந்தது. யாரோ எங்கோ தயாரித்துப் பகிர்ந்த நிதிச் சொல் தொகுப்புகளை இறக்கி வைத்திருந்தார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், சரியென்றால் புள்ளி, தொடர்ந்து சரியென்றால் கூடுதல் புள்ளி, வாரக் கடைசியில் தரவரிசை. உற்சாகமாகத்தான் விளையாடினார்கள், புள்ளிகளும் குவிந்தன.

அப்புறம் வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்தேன். ஒரு நிறுவனம் 1,00,000 கொடுத்து ஓர் இயந்திரம் வாங்குகிறது. பத்து ஆண்டுகளுக்குச் சமமாகத் தேய்மானம் எழுதுகிறது, கடைசியில் எஞ்சிய மதிப்பு பூஜ்யம். மூன்றாம் ஆண்டில் தேய்மானத்துக்காக எவ்வளவு ரொக்கம் வெளியே போகும்? பெரும்பாலானவர்கள் 10,000 என்று எழுதினார்கள். சரியான விடை பூஜ்யம். பணம் போனது இயந்திரம் வாங்கிய அன்று. அந்த அடக்கவிலையைப் பத்து ஆண்டுகளின் செலவாகப் பிரித்து எழுதுவதுதான் தேய்மானம். இதே மாணவர்கள் செயலியில் தேய்மானத்தின் வரையறையைத் தவறாமல் தொட்டவர்கள்.

காரணம் தேடி அந்தக் கேள்வியை எடுத்துப் பார்த்தேன். நான்கு விடைகளில் ஒன்று வட்டியைப் பற்றியது, ஒன்று பங்கைப் பற்றியது, ஒன்று வரியைப் பற்றியது. மிச்சம் இருந்த ஒன்றில்தான் இயந்திரம், பயன்பாட்டுக் காலம் என்ற சொற்கள் இருந்தன. தேய்மானம் என்றால் என்னவென்று தெரியாமலேயே சரியான விடையைத் தொட்டுவிடலாம். வரையறையை அடையாளம் கண்டுகொள்ளத்தான் அந்தச் செயலி பழக்கியது. நிதியில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால், அந்தச் சொல் வந்ததும் எந்த எண் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல முடிய வேண்டும்.

பகிரப்பட்ட தொகுப்புகளில் வேறொரு கோளாறும் இருந்தது: பலவும் பழசாகிப் போனவை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அமைந்த அட்டைகளும் அவற்றில் இருந்தன. வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியை வைத்து லண்டனில் கணித்த லைபார் விகிதத்தை இன்றும் உலகக் கடன்களின் அடிப்படை விகிதமாகச் சொன்னது ஓர் அட்டை. டாலர் லைபாரின் கடைசி முக்கிய விகிதங்களும் 2023 ஜூன் இறுதியோடு முடிந்துவிட்டன, அந்த இடத்துக்கு அமெரிக்காவின் ஓரிரவுக் கடன் வட்டியிலிருந்து கணிக்கும் சோஃபர் வந்துவிட்டது. 'எதிர்காலப் பொருளாதாரப் பலன் வந்து சேரும் என்று எதிர்பார்க்கப்படும் வளம்' என்று சொத்துக்குப் பழைய வரையறை கொடுத்த அட்டைகள் ஏராளம். சர்வதேச கணக்கியல் தர வாரியம் 2018-இல் தன் கருத்துருச் சட்டகத்தைத் திருத்தியபோது அந்த எதிர்பார்ப்பு என்ற நிபந்தனை வரையறையிலிருந்து நீங்கியது. கடந்தகால நிகழ்வுகளால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இப்போது இருக்கும் பொருளாதார வளம் என்பதே இன்றைய வரையறை. குத்தகையிலும் இப்படித்தான். குத்தகைக்கான சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1 முதல். அதன்படி குத்தகை எடுப்பவர் பெரும்பாலான குத்தகைகளை, சொத்துகளையும் பொறுப்புகளையும் பட்டியலிடும் இருப்புநிலைக் குறிப்பில் காட்டியாக வேண்டும். குறுகிய காலக் குத்தகைக்கும் சிறு மதிப்புள்ள பொருளின் குத்தகைக்கும் மட்டும் விலக்கு உண்டு. பழைய அட்டைகளோ 'இயக்கக் குத்தகை இருப்புநிலைக் குறிப்பில் வராது' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. தவறான அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தால் தவறுதான் ஆழமாகப் பதியும். அட்டைகளை நாங்களே எழுதுவது என்று முடிவெடுக்க இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

எந்தச் செயலி, ஏன்

மறதி எப்படி நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்மேல் சோதனை செய்து எழுதிவிட்டார். படித்த உடனே வேகமாக மறக்கிறோம், போகப்போக மறக்கும் வேகம் குறைகிறது. மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்து நினைவுக்கு இழுத்தால் அடுத்த முறை அது இன்னும் நீண்ட காலம் நிற்கும். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப் பெட்டி முறை இந்த அடிப்படையில் அமைந்தது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். இதையே கணினிக்குக் கொண்டுவந்தவர் பியோட்டர் வோஸ்னியாக், 1987-இல். அவருடைய எஸ்எம்-2 என்ற கணக்கீட்டு முறையைத் தழுவித்தான் 2006-இல் அன்கி செயலி உருவானது.

மனதிலிருந்து வரவழைப்பதற்கும் திரும்பப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியைப் படித்துவிட்டு மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மீண்டும் படித்தவர்களிடம் 42, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. தேர்வுக்கு முந்தைய இரவு படித்து மறுநாள் எழுதும் மாணவருக்கு மறுவாசிப்பு ஏன் போதுமானதாகத் தோன்றுகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நாங்கள் அன்கியை எடுத்துக்கொண்டோம். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், உலாவி வழியாகவும் பயன்படுத்தலாம். ஐபோன் செயலிக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும், ஐபோன் வைத்திருந்தவர்கள் உலாவியில் படித்தார்கள். அட்டையை நாமே எழுதலாம், திருத்தலாம், எல்லோருக்கும் அனுப்பலாம். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, புள்ளியும் கிடையாது. கஹூட் மாதிரியான போட்டிச் செயலியை எப்போதாவது வகுப்பின் கடைசி நிமிடங்களில் மட்டும் வைத்துக்கொண்டோம். கலகலப்புக்கு அது நல்லது, நினைவில் நிறுத்தும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சொந்தமாக போன் இல்லாதவர்களும் வீட்டில் ஒரே போனைப் பகிர்ந்தவர்களும் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு அதே அட்டைகளைத் தாளில் அச்சிட்டு, ஐந்து அறை கொண்ட லைட்னர் பெட்டியாகக் கொடுத்தோம். அவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை.

முதலீட்டு நிறுவனங்களின் செயலிகளில் இருக்கும் 'கற்றுக்கொள்ளுங்கள்' பகுதியை நான் வேண்டாம் என்றேன். சில மாணவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள், விளக்கங்களும் சில நன்றாகவே இருந்தன. ஆனால் விளக்கத்துக்குக் கீழேயே கணக்கு தொடங்கும் பொத்தான் இருக்கிறது. ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) என்றால் என்னவென்று இப்போதுதான் படிக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த தொடுகையிலேயே அதை வாங்கும் வழி திறப்பது சரியல்ல. விளையாட்டு அம்சங்களைப் பணத்தோடு சேர்ப்பது பற்றிய கவலை புதிதும் அல்ல. பரிவர்த்தனை செய்தால் திரையில் வண்ணத் தாள்கள் கொட்டும் காட்சியை, கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2021-இல் அமெரிக்கப் பங்கு வர்த்தகச் செயலியான ராபின்ஹுட் நீக்கியது.

அட்டைகள் எழுதிய கதை

இந்த ஆய்வில் உருப்படியாகக் கிடைத்தது எல்லாம் இந்தப் பகுதியில்தான். செயலி செய்வது நேரம் பார்த்துக் கேள்வியைக் கொண்டுவருவது மட்டும். எதைக் கேட்கிறோம் என்பது நம் கையில்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை அட்டை ஒன்றுக்கு மேல் வேண்டாம், மற்ற அட்டைகளில் ஒரு சூழலும் முடிந்தவரை ஓர் எண்ணும் இருக்க வேண்டும். கடன் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகமதிப்பு 1,000, ஆண்டு வட்டி 50. சந்தையில் அதன் விலை 800-க்கு இறங்கினால் நடப்பு வருவாய் விகிதம் என்ன? 50-ஐ 800-ஆல் வகுத்தால் 6.25 சதவீதம். விலை 1,250-க்கு ஏறினால்? 4 சதவீதம். விலையும் வருவாய் விகிதமும் எதிர்த் திசையில் போகும் என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். தேர்வு அறையில் எது ஏறினால் எது இறங்கும் என்று குழம்புகிறவர்களும் அவர்கள்தான். இந்த இரண்டு எண்களையும் தானே வகுத்துப் பார்த்தவருக்கு அந்த வாக்கியம் தேவைப்படவில்லை.

வட்டி விகிதத்துக்கு இன்னொன்று. ஆண்டுக்கு 12 சதவீதம், மாதந்தோறும் கூட்டு வட்டி என்றால் ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு? 12.68 சதவீதம் வரும். பெயரளவு விகிதம், பயனுறு விகிதம் என்ற இரண்டு சொற்களும் அந்த 0.68-இல் பிரிந்து நிற்கின்றன. அடுத்தது செய்திகளில் அடிக்கடி தவறாக வருவது. வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனால் அது எத்தனை சதவீத உயர்வு? ஒரு சதவீதப் புள்ளி, அதாவது 100 அடிப்படைப் புள்ளிகள். விகித அளவில் 25 சதவீத உயர்வு. மூன்றையும் ஒரே அட்டையில் கேட்டோம், ஏனென்றால் இந்த மூன்றும் ஒரே செய்தியில் கலந்துதான் வருகின்றன.

பற்று, வரவு பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வியை அப்படியே அட்டையாக்கினோம். போனில் வங்கியின் குறுஞ்செய்தியைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், பணம் வந்தா வரவுன்னு பேங்க் சொல்லுது. நம்ம கணக்குல ரொக்கம் கூடினா பற்றுன்னு நீங்க சொல்றீங்க. யார் சொல்றது சரி?"

"ரெண்டும் சரிதான்மா. இந்த மெசேஜ் யாரோட புத்தகத்தைப் பார்த்து எழுதினது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பேங்கோட புத்தகம்."

"அவங்க புத்தகத்துல உங்க பணம் என்ன?"

"அவங்க எனக்குத் திருப்பித் தர வேண்டியது... பொறுப்பு. பொறுப்பு கூடினா வரவு."

அந்த அட்டையின் முன்பக்கத்தில் ஒரே ஒரு குறுஞ்செய்தி இருக்கிறது. வங்கியின் புத்தகத்தில் ஒரு பதிவு, வாடிக்கையாளரின் புத்தகத்தில் ஒரு பதிவு என்று இரண்டையும் எழுத வேண்டும். பற்றையும் வரவையும் பற்றி நாங்கள் எழுதிய அட்டைகளிலேயே இதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். யாருடைய புத்தகம் என்று கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜோடிச் சொற்களை எப்படித் தருவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. சொத்தும் பொறுப்பும், ஒதுக்கும் காப்பும், கால் ஆப்ஷனும் (வாங்கும் உரிமை) புட் ஆப்ஷனும் (விற்கும் உரிமை) பாடநூலில் ஒரே பக்கத்தில் அருகருகே வரும். அப்படியே அட்டையிலும் ஒரே நாளில் தந்தால் ஒன்றின் விளக்கம் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் மொழிச் சொற்களை வைத்து டிங்கம் 1993-இலும் வேரிங் 1997-இலும் செய்த சோதனைகள், பொருளில் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்பது கற்றலைத் தாமதப்படுத்துகிறது என்று காட்டின. நிதிச் சொற்களை அவர்கள் சோதிக்கவில்லை, ஆனாலும் வகுப்பில் நான் கண்டதோடு அது பொருந்துகிறது. கால் ஆப்ஷனை முதலில் தந்தோம். அது கைவந்த பிறகு, நாட்கள் கழித்து புட் ஆப்ஷன். இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகே 'பங்கின் விலை இறங்கும் என்று நினைப்பவர் இந்த இரண்டில் எதை வாங்குவார்' என்று கேட்கும் ஒப்பீட்டு அட்டை.

பருவத்தின் பிற்பகுதியில் அட்டை எழுதும் வேலை மாணவர்களிடமே போனது. திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, தான் தவறிய ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை எழுதித் தர வேண்டும். தரமான அட்டை எழுதுவது அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வரையறையைத் தூக்கி முன்பக்கத்தில் போட்டுவிட்டு வருவார்கள். 'இதுல எண் எங்கே?' என்று திருப்பி அனுப்புவேன். எண்ணைத் தேடப் போகும்போதுதான் சொல்லைப் பற்றிய சந்தேகங்கள் வெளியே வந்தன.

பயன்பாட்டில் வந்த இடர்கள்

அட்டையைத் திருப்பிய பிறகு 'மறுபடி', 'கடினம்', 'சரி', 'எளிது' என்று மாணவரே தனக்கு மதிப்பிட வேண்டும். இங்கேதான் பெரிய ஓட்டை. பின்பக்கத்தைப் பார்த்ததும் 'அட, இது தெரியுமே' என்று தோன்றும், விரல் 'எளிது' பொத்தானுக்குப் போகும். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, விடை கண்முன் இருக்கும்போது தெரிந்தது போலத்தான் இருக்கும். எண் கேட்கும் அட்டைகள் இந்த இடத்தில் கைகொடுத்தன. 6.25 வந்ததா, வரவில்லையா என்பதில் மழுப்ப இடமில்லை. மற்ற அட்டைகளுக்கு, திருப்புவதற்கு முன் விடையைத் தாளில் எழுத வேண்டும் என்று சொன்னோம். எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் வித்தியாசம் வாய்மொழிக் கேள்விகளில் நன்றாகத் தெரிந்தது.

அடுத்தது குவியல். அன்கி தானாக வைத்திருக்கும் அளவு நாளுக்கு 20 புதிய அட்டைகள். ஆர்வத்தில் அதை ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சில வாரங்களில் மறுபார்வை அட்டைகள் மலைபோல் சேர்ந்தன. இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் செயலியைத் திறக்கவே மனம் வராது. அப்படி விட்டவர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. நிதிச் சொல் அட்டைகளில் கணக்கும் உண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். நாளுக்கு ஐந்து புதிய அட்டைக்கு மேல் வேண்டாம் என்று குறைத்த பிறகு நிலைமை சீரானது.

செயலி எப்போதும் உதவும் என்று நம்பி, தேர்வுக்கு முந்தைய இரவில் மொத்தத் தொகுப்பையும் ஓட்டியவர்களும் இருந்தார்கள். இடைவெளி விட்டுக் கேட்பதுதான் இந்தச் செயலியின் பலமே. ஒரே இரவில் ஓட்டினால் அது வெறும் கேள்வித்தாள்.

கண்ட பலனும் எட்டாத இடமும்

பருவத்தின் இறுதியில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்து ரொக்க ஓட்ட அறிக்கையைப் படிக்கச் சொன்னேன். நிகர லாபத்தோடு தேய்மானத்தை ஏன் திரும்பக் கூட்டியிருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பலரும் தயங்காமல் பதில் சொன்னார்கள்: லாபம் காணும்போது கழித்தோம், ஆனால் பணம் போகவில்லை, அதனால் கூட்டுகிறோம். பருவத் தொடக்கத்தில் 10,000 என்று எழுதிய வகுப்பு இது. கடனுக்கு விற்ற தொகை லாபத்தில் வரும், ரொக்கத்தில் வராது என்பதையும் அதே பக்கத்தில் அவர்களே சுட்டிக்காட்டினார்கள். சொற்களைத் தேடி அகராதிக்கு ஓடாமல் அறிக்கையைப் படிக்க முடிந்தது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்துக்கு மட்டும் அட்டையால் எட்ட முடியவில்லை. நடப்புச் சொத்து 200, அதில் சரக்கிருப்பு 150, நடப்புப் பொறுப்பு 100. நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்து நடப்பு விகிதம் 2 என்று நொடியில் சொன்னார்கள், சரக்கிருப்பைக் கழித்துவிட்டுக் காணும் விரைவு விகிதம் 0.5 என்பதையும் சொன்னார்கள். இந்த நிறுவனத்துக்கு அடுத்த மாதம் கடன் கொடுப்பீர்களா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிட்டது. சரக்கு எவ்வளவு வேகமாக விற்கும், வாங்குபவர்கள் எப்போது பணம் தருவார்கள், இதே தொழிலில் மற்றவர்களின் விகிதம் என்ன என்றெல்லாம் கேட்டுப் பேச வேண்டிய கேள்வி இது. முன்பக்கம், பின்பக்கம் என்ற அமைப்புக்குள் அடங்காது. ஆகவே சொற்களுக்குச் செலவிட்ட வகுப்பு நேரத்தைச் செயலிக்கு மாற்றி, மிச்சமான நேரத்தை இப்படிப்பட்ட விவாதங்களுக்குக் கொடுத்தோம். அடுத்த ஆண்டும் இந்தப் பங்கீட்டை மாற்றப்போவதில்லை.

எழுத்திலும் முன்னேற்றம் குறைவு. சொல் தெரிந்தாலும் அதை வைத்து இரண்டு பத்தி தெளிவாக எழுதுவது வேறு பயிற்சி. அதற்கு மாணவர் எழுத வேண்டும், ஆசிரியர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு

தொகுப்பை அடுத்த வகுப்புக்குக் கொடுக்கும் முன் ஒவ்வோர் அட்டையிலும் அது எந்தத் தரநிலையைச் சார்ந்தது, எந்த ஆண்டு சரிபார்த்தது என்று குறிச்சொல் போட்டிருக்கிறோம். 2024 ஏப்ரலில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டறிக்கைக் காலங்களுக்கு நடைமுறைக்கு வருகிறது. இயக்க லாபம் என்ற துணைத்தொகையை வருமான அறிக்கையில் காட்டுவது அதன்படி கட்டாயமாகிறது, அதில் எவை சேரும் என்பதும் வரையறுக்கப்படுகிறது. இயக்க லாபம் பற்றிய எங்கள் அட்டைகள் அத்தனைக்கும் 'திருத்த வேண்டியவை' என்ற குறி போட்டாயிற்று. புதிய அட்டைகளை இந்த வகுப்பு மாணவர்களே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.